தரிசும் புறம்போக்கும்: காற்றாலைத் திட்டங்களில் ஊரின் குரல்

காற்றாலை எங்கே நிறுவப்பட வேண்டும் என்பதில் அங்கு வாழும் மக்களுக்கு என்ன பங்கு உண்டு என்று இங்கிலாந்தில் கேட்டால் திட்டமிடல் விதிகளைக் காட்டுவார்கள். டென்மார்க்கில் கேட்டால் பங்குப் பத்திரத்தைக் காட்டுவார்கள். இராயலசீமையில் கேட்டால் வருவாய்த்துறைப் பதிவேட்டிலுள்ள ஒரு சொல்லைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அச்சொல்லின் வரலாற்றையும், அது ஒரு மலைத்தொடருக்குச் செய்ததையும் இங்கே எழுத முயல்கிறேன். பதிவு நீண்டுவிட்டது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

பாலசமுத்திரம் போன்ற எங்கள் பகுதி ஊர்ப்பெயர்களில் வரும் ‘சமுத்திரம்’ பெரும்பாலும் ஏரியைக் குறிப்பது. ஏரி, அதன் உள்வாய், வரத்துக்கால், கரைக்கு மேலுள்ள மேய்ச்சல் மேடு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஊர் என்ற எண்ணம் அப்பெயரில் பதிந்திருக்கிறது. சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. ஆகவே இங்குள்ள நில ஆவணங்களின் மொழி சென்னை மாகாண வருவாய் மொழியே. தமிழில் ‘புறம்போக்கு’, தெலுங்கில் ‘போரம்போகு’. மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, களப் புறம்போக்கு, தோப்புப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என்று அச்சொல்லுக்கு முன்னால் எப்போதும் ஒரு பயன்பாடு நிற்கும். தீர்வை விதிக்கப்படாமல் ஒரு பொதுக் காரியத்துக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். பின்னாளில் அது வசைச்சொல்லானது. அந்த வசையைத் திருப்பிப் போடும் முயற்சியாக, எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து 2017-இல் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ பலருக்கும் நினைவிருக்கும்.

‘தரிசு’ வேறு வகைச் சொல். உழவர் பேச்சில் தரிசு என்பது நிலத்தின் ஒரு நிலைமை. இந்த ஆண்டு தரிசாகக் கிடப்பது அடுத்த ஆண்டு கழனியாகலாம். கிடக்கும் காலத்தில் ஆடு மேயும். பதிவேட்டில் ஏறியபோது அது ஒரு வகைப்பாடாக உறைந்தது. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டாகப் பிரிந்து, இரண்டும் அரசின் நிலமாயின. தெலுங்கு ஆவணங்களில் இதற்கு இணையாக வடஇந்திய வழக்கிலிருந்து வந்த ‘பஞ்சரு’ என்ற சொல்லும் புழங்குகிறது. புறம்போக்கு என்ற சொல் அந்நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லும். தரிசு என்ற சொல் அதில் எது விளையவில்லை என்று மட்டும் சொல்லும்.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தியன்று. 1994-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் மேய்ச்சல் நிலம், களம், இடுகாடு சுடுகாடு, மந்தை நிற்கும் இடம், தோப்பு முதலிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியைச் சாரும் என்கிறது. சென்னை மாகாணக் காலத்து ஊராட்சிச் சட்டத்திலிருந்து வழிவழியாக வந்த விதி இது. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இதன் உடன்பிறப்பு உண்டு. ஆக, ஒரு குன்று ‘மேய்ச்சல் புறம்போக்கு’ என்று எழுதப்பட்டிருந்தால் அதன்மீது ஊராட்சிக்குச் சட்டப்படி ஒரு சொல் உண்டு. அதே குன்று, அதே ஆடுகள் மேய, ‘தரிசு’ என்று எழுதப்பட்டிருந்தால் பேச்சுவார்த்தை மாவட்ட ஆட்சியருக்கும் நிறுவனத்துக்கும் இடையே முடிந்துவிடலாம். நூறாண்டுக்கு முன் நிலவரித் திட்ட அலுவலர் ஒருவர் எந்தக் கட்டத்தில் எந்தச் சொல்லை எழுதினார் என்பதைப் பொறுத்து, இன்றைய திட்டத்தில் ஊருக்கு இடம் உண்டா இல்லையா என்பது முடிவாகிறது.

இந்தியாவில் காற்றுமின்சாரத்தின் தொடக்கம் 1980-களின் நடுப்பகுதி. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 1986-இல் முதல் காற்றாலைகள் சுழன்றன. பின்னர்க் கயத்தாறும் முப்பந்தலும் வந்தன. அதே காலத்தில், 1985-இல், ஒன்றிய அரசு தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. இரண்டும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் 2000-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தரிசுநில வரைபட நூல் வெளிவந்த பிறகு, ‘காலியாகக் கிடக்கும்’ நிலம் எங்கே என்று தேடுவோருக்கு விடை ஆயத்தமாக இருந்தது. புதர்க்காடும் புல்வெளியும் அந்த வரைபடத்தில் தரிசின் உட்பிரிவுகளாக இடம்பெற்றன. இராயலசீமையின் கற்குன்றுகள் மீது காற்று நன்றாக வீசுகிறது. அனந்தபூர் மாவட்டத்தின் ராமகிரிக் குன்றுகளில் 1990-களிலேயே காற்றாலைகள் ஏறிவிட்டன.

அந்த ராமகிரிக்குத் தொலைவில்லாத முஷ்டிகோவிலா என்ற ஊரைச் சூழ்ந்த குன்றுகளில்தான் நான் சொல்ல வந்த கதை நடக்கிறது. அது இன்று ஸ்ரீ சத்திய சாய் மாவட்டத்தைச் சேர்ந்த பகுதி. சென்னேகொத்தபள்ளி வட்டாரத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட டிம்பக்டு கலெக்டிவ் என்ற அமைப்பு, 1990-களின் தொடக்கத்திலிருந்து சுற்றுவட்டார ஊர்மக்களோடு சேர்ந்து அங்கிருந்த வருவாய்த் தரிசை மீட்கும் வேலையில் இறங்கியது. இந்தியாவிலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளுள் அது ஒன்று. மரக்கன்றுகளை வரிசையாக நட்டுக் கணக்குக் காட்டும் வழக்கமான ‘காடு வளர்ப்பு’ அங்கு முதன்மை பெறவில்லை. கோடையில் தீப் பரவாமல் தடுத்தல், வெட்டுவதைக் கட்டுப்படுத்தல், ஊர்களிலிருந்தே காவலர்களை அமர்த்தல் ஆகியவற்றால் நிலம் தானாகவே எழுந்தது. புல் வந்தது. ஈச்சம் புதர்கள் அடர்ந்தன. ஓடைகளில் நீர் கூடுதல் நாள் நின்றது. கூரை வேயும் புல், துடைப்பத்துக்கும் பாய்க்கும் ஈச்ச ஓலை, விறகு, காட்டுப் பழங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டு மந்தைகளுக்கு மேய்ச்சல் என்று பல ஊர்களின் வாழ்வு அதில் தங்கியது. 7,000 ஏக்கருக்கு மேற்பட்ட அப்பரப்புக்குக் கல்பவல்லி என்று பெயர். ஊர்மக்கள் அதைப் பேண ஒரு கூட்டுறவுச் சங்கமும் அமைத்துக்கொண்டனர்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்த பின்னும் பதிவேட்டில் அந்த நிலம் தரிசாகவே இருந்தது. சங்கத்திடம் பட்டா இல்லை. காட்டுரிமைச் சட்டம் (2006) ‘வன நிலம்’ என்ற வகைக்குள் வருவதைப் பற்றியே பேசுவதால், வருவாய்த்துறைத் தரிசில் மக்களே வளர்த்த காட்டுக்கு அது எளிதில் கைகொடுக்கும் சட்டமன்று. மக்கள் வளர்த்தது அரசின் கண்ணில் காடும் ஆகவில்லை, மேய்ச்சல் நிலமும் ஆகவில்லை.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்குன்றுகளில் நல்லகொண்டா காற்றாலைத் திட்டம் வந்தது. தமிழ் வாசகர் இதை ‘நல்ல’ குன்று என்று படித்துவிட வாய்ப்புண்டு. தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கருப்பு, ஆகவே கருங்குன்றம். 50.4 மெகாவாட் திறன். தலா 800 கிலோவாட் என்ற கணக்கில் 63 காற்றாலைகள். தூய்மை வளர்ச்சி நெறிமுறையின் கீழ்க் கார்பன் வரவு பெறுவதற்கும் இத்திட்டம் முன்வைக்கப்பட்டது. அதாவது, மண்ணையும் புல்லையும் காத்துக் கார்பனைப் பிடித்து வைத்திருந்த ஒரு குன்றின்மீது, கார்பனைத் தவிர்ப்பதற்கான வரவு கோரப்பட்டது.

காற்றாலை என்றால் நம் மனத்தில் எழுவது ஒரு கோபுரமும் மூன்று இறக்கைகளும்தான். கோபுரம் நிற்கும் அடித்தளத்தின் பரப்பு சிறியது என்பதும் உண்மையே. நிலத்தைத் தின்றது சாலை. 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓர் இறக்கையைச் சுமந்துவரும் வண்டி குறுகிய வளைவில் திரும்பாது, செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது. எனவே சாலை அகலமாக, நீண்டு வளைந்து, குன்றின் இடுப்பைச் சுற்றி வெட்டப்பட வேண்டும். வெட்டிய மண் சரிவில் தள்ளப்படும். கோபுரங்கள் மலைமுகட்டில் வரிசையாக நிற்பதால் முகடும் சமப்படுத்தப்படும். கல்பவல்லியில் நடந்ததும் இதுதான். ஓடைகளின் போக்கு மறிக்கப்பட்டது. மழைக்கு மண் கரைந்து கீழிறங்கியது. மேய்ச்சல் பாதைகள் துண்டாயின. காவலர் வைத்துத் தடுத்திருந்த குன்றுக்குள் எந்த வண்டியும் நுழையலாம் என்றானது. நான் மேலே சொன்ன ஏரி, வரத்துக்கால், மேய்ச்சல் மேடு என்ற தொடர்பை மனத்தில் வைத்துக்கொண்டால் இழப்பு விளங்கும். பாதிப்பு காற்றாலை நிற்கும் இடத்தில் தொடங்கி ஏரியின் அடியில் போய் முடிகிறது. எந்தப் பதிவேட்டிலும் இவை இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதில்லை.

ஊர்மக்கள் எங்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்? இந்தியச் சட்டம் இக்கேள்விக்குத் தரும் விடை வியப்பானது. 1994-இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு 1997-இல் கட்டாயமாக்கப்பட்டது; 2006-இல் புதிய அறிவிக்கை வந்தது. இரண்டின் அட்டவணையிலும் காற்றாலை இல்லை. பட்டியலில் இல்லாததால் மதிப்பீடு இல்லை. மதிப்பீடு இல்லாததால் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. முன் அனுமதியே தேவைப்படாத திட்டத்தின் அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய இயலாது. வேறு பிரிவின்கீழ், வேறு காரணம் காட்டித்தான் கதவைத் தட்ட வேண்டும். கல்பவல்லி விவகாரம் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்கு அப்படித்தான் சென்றது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் தனியார் திட்டங்களுக்கு 80 விழுக்காட்டு நிலவுடைமைக் குடும்பங்களின் ஒப்புதலையும் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கோருகிறது. ஆனால் நிறுவனம் உழவரிடம் நேராக வாங்கும்போதோ, அரசுத் தரிசைக் குத்தகைக்குப் பெறும்போதோ அங்கே ‘கையகப்படுத்தல்’ என்ற நிகழ்வே நடப்பதில்லை. 2016-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை நிறவாரியாக வகைப்படுத்தியபோது காற்றுமின்சாரத்தை ‘வெள்ளை’ வகையில் வைத்தது. அதே ஆண்டு வந்த ஒன்றிய அரசின் நிலப்பரப்புக் காற்றாலை வழிகாட்டுதல்கள் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் விலக்கத்தைச் சொல்கின்றன. ஆட்டிடையர் வீட்டில் மேய்ப்பதில்லை. எனவே அவ்விலக்கம் அவருக்குப் பயன்படாது.

டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2013-இல் காற்றாலைகளுக்கான பசுமை நெறிகள் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டு, இவற்றையும் தாக்க மதிப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. காற்றாலையின் எதிரிகள் எழுதிய அறிக்கை அன்று அது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வேண்டுவோரே அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்கும் அவை இல்லாத இடத்தில் மறுப்பு எந்த வடிவம் எடுக்கும் என்பதற்கு மராட்டியத்தின் சதாரா, சாங்லி மாவட்டங்கள் எடுத்துக்காட்டு. அங்கே காற்றாலைகள் மழைமேகங்களைக் கலைத்துவிடுகின்றன என்ற நம்பிக்கை வறட்சிக் காலத்தில் பரவி, போராட்டமாகவும் வெடித்தது. அறிவியல் அடிப்படையற்ற கூற்று என்று அதை எளிதில் தள்ளிவிடலாம். கூற்று என்ற அளவில் அது தவறானதே. ஆனால் மொழியியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு அதன் இலக்கணம்தான் முக்கியமாகப் படுகிறது. எங்கிருந்தோ வந்தவர்கள் எங்கள் தலைக்கு மேலிருப்பதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதே அதன் வாக்கிய அமைப்பு. முறையான கூட்டத்தில் ஓடை, பாதை, குத்தகை விலை என்று பிரித்துப் பேசப்பட்டிருக்கக்கூடிய குறைகள், பேச இடமின்றி மேகத்தின்மேல் ஏறிக்கொண்டன.

சட்டம் ஓர் இடுக்கைத் திறந்து வைத்திருந்தால் குரல் அதன் வழியே வரும் என்பதற்குக் கேரளத்தின் அட்டப்பாடி சான்று. அங்கே காற்றாலைகள் நின்ற நிலத்தின் ஒரு பகுதி பழங்குடியினருடையது என்ற சிக்கல் 2010-இல் சட்டமன்றம்வரை சென்று அரசு விசாரணைக்கு உள்ளானது. பழங்குடி நிலத்தைப் பிறர் பெறுவதைத் தடுக்கும் சட்டம் இருந்ததால்தான் ‘இது யாருடைய நிலம்’ என்ற கேள்வியை அங்கு கேட்க முடிந்தது. சுற்றுச்சூழல் அங்கே வாதத்தின் ஓரத்தில் இருந்தது.

பாக் நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. இலங்கையின் தேசியச் சுற்றாடல் சட்டத்தில் 1988-இல் சேர்க்கப்பட்ட திருத்தம், குறித்துரைக்கப்பட்ட திட்டங்களின் மதிப்பீட்டறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துக் கேட்க வழி செய்கிறது. பெரிய புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்களும் அதன் வரம்புக்குள் வரும். மன்னார்த் தீவில் 2020 திசம்பரில் இயங்கத் தொடங்கிய ‘தம்பபவனி’ அரசு மின்சார சபையின் திட்டம்: 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன். அடுத்து மன்னாருக்கும் பூநகரிக்குமாக அதானி நிறுவனத்தின் 484 மெகாவாட் திட்டம் 2022-இல் பேசப்பட்டு, 2024 மே மாதம் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையில் அமைச்சரவை ஒப்புதல் பெற்றது. சூழலியல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தனர். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் வழித்தடம் என்பது சூழலியலாளர்களின் வாதத்தில் முன்னின்றது. தீவுவாசிகளின் பேச்சில் மழைவெள்ளம் வடியாமை, கரைவலைப் பாடுகள், பனைகள், கனிய மணல் அகழ்வு ஆகியன முன்னின்றன. ஆட்சி மாறியபின் விலை மறுபரிசீலனைக்கு உள்ளானது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

இதை மக்களின் வெற்றி என்று எழுதியவர்கள் பலர். எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. திட்டம் முறிந்த புள்ளி விலை. பறவையோ வெள்ளமோ அன்று. வழக்குகள் காலத்தை நீட்டின, அந்தக் காலத்தில் அரசு மாறியது, மாறிய அரசு விலையைப் பேசியது. ஊரின் குரல் பல வேளைகளில் இப்படித்தான் வேலை செய்கிறது: முடிவை மாற்றாமல் முடிவைத் தாமதப்படுத்துகிறது, தாமதம் வேறொரு காரணத்துக்கு இடம் விடுகிறது.

அடுத்து நடந்தது இதைத் தெளிவாக்குகிறது. 2025 ஆகஸ்டில், 50 மெகாவாட், 20 மெகாவாட் என்ற இரு உள்நாட்டுத் தனியார் திட்டங்களுக்கான 14 காற்றாலைகளின் பாகங்கள் மன்னாருக்குள் கொண்டுவரப்பட்டபோது மக்கள் சாலையில் இறங்கினர். குடியரசுத் தலைவர் ஒரு மாத இடைநிறுத்தம் அறிவித்தார். மாதம் கழிந்ததும் பணி தொடரும் என்றாயிற்று. செப்டம்பர் 26 இரவு காவல்துறையோடு மோதல் நிகழ்ந்தது. 29-ஆம் தேதி மாவட்டம் கதவடைத்தது. தொடங்கிவிட்ட திட்டங்கள் நடக்கும், இனிமேல் மக்களின் இணக்கமின்றித் தீவில் புதிய காற்றாலை வராது என்பது அரசின் நிலைப்பாடாக அமைந்தது. ‘மக்களின் இணக்கம்’ என்ற தொடர் இங்கே கவனிக்கத்தக்கது. யார் மக்கள், எந்த அவையில், எத்தனை பேர், எந்தக் கட்டத்தில் என்பதற்கு அத்தொடரில் விடையில்லை. ஆயினும் அப்படியொரு தொடரை அரசின் வாயிலிருந்து பெற்றதே மன்னார் பெற்றது. கல்பவல்லிக்கு அதுவும் கிடைக்கவில்லை.

‘மக்களின் இணக்கம்’ எழுத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு உண்டு. 2015 சூன் 18 அன்று வெளியான அமைச்சரின் எழுத்துமூல அறிக்கை, பாதிக்கப்படும் உள்ளூர்ச் சமூகம் எழுப்பும் திட்டமிடல் மறுப்புகள் முழுவதும் தீர்க்கப்பட்டு, அதன் ஆதரவு இருந்தாலொழியக் காற்றாலைக்கு அனுமதி கூடாது என்றது. சிலரின் மறுப்பே போதும் என்ற நிலை உருவாகி, அங்கே நிலப்பரப்புக் காற்றாலைகள் ஏறத்தாழ நின்றேபோயின. 2024 சூலையில் புதிய அரசு பதவியேற்ற சில நாள்களிலேயே அக்கட்டுப்பாட்டை நீக்கியது. டென்மார்க் வேறு வழி கண்டது: 2009-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, புதிய காற்றாலையின் பங்குகளில் குறைந்தது 20 விழுக்காட்டை அருகில் வாழ்வோருக்கு விற்க முன்வர வேண்டும். பத்தாண்டுக்குப் பின் அதுவும் வேறு ஏற்பாட்டுக்கு வழிவிட்டது. இரு நாடுகளிலும் ‘உள்ளூர்ச் சமூகம்’ என்பது வீடும் முகவரியும் உடையோர் கூட்டம். பருவத்துக்கு ஒருமுறை மந்தையோடு வந்து போகும் இடையரை எந்த வட்டத்துக்குள் வைப்பது என்ற கேள்வி அங்கு எழவில்லை, நமக்கு எழுகிறது.

நம் ஊர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. மானாவாரி நிலக்கடலையில் ஆண்டுதோறும் இழப்பைச் சந்தித்த அனந்தபூர் உழவருக்குக் காற்றாலை நிறுவனம் தரும் விலை மீட்சியாகத் தோன்றினால் அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பட்டா உடையவர் விலை பேசுவார். காவலர் வேலை கிடைத்தவர் அமைதியாவார். பட்டா இல்லாத இடையரும் ஈச்ச ஓலை அறுக்கும் பெண்களும் மட்டுமே பொது நிலத்தைப் பொது நிலமாகப் பேசுவார்கள். அவர்கள் பேச்சுக்கு ஆவணம் இல்லை. 2011 சனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. அரசே பொதுநிலத்தை ஒதுக்கும் இடத்தில் அந்தத் தீர்ப்பை யார் யாருக்கு எதிராகக் காட்டுவது?

2024 அக்டோபரில் ஆந்திர அரசு ஒருங்கிணைந்த தூய ஆற்றல் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. இராயலசீமையின் குன்றுகள் மீண்டும் அளக்கப்படும். நிலக்கரியிலிருந்து விலக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அளவைக்கு முன்னால் பதிவேட்டைத் திறந்து, ‘தரிசு’ என்று எழுதப்பட்ட ஒவ்வொரு புல எண்ணிலும் இப்போது என்ன நடக்கிறது, யார் வருகிறார்கள், எந்த ஓடை எந்த ஏரிக்குப் போகிறது என்று ஊராட்சியைக் கேட்டு எழுதுவதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. வகை மாற்றத்துக்கான நடைமுறை வருவாய்த்துறையிடம் ஏற்கெனவே உண்டு.

என் ஆய்வுக்கு இப்போது தேவைப்படுவது பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகள். 1960 எல்லை மாற்றத்தின்போது செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சித்தூருக்கு வந்த சத்தியவேடு பகுதி ஊர்களின் பதிவேடுகளில், முன்பு தமிழில் ‘மேய்க்கால்’ என்று இருந்தவை பின்னர்த் தெலுங்கில் எப்படி எழுதப்பட்டன என்று ஒப்பிட விரும்புகிறேன். அவற்றின் படிகளை வைத்திருப்போர், அல்லது பார்த்த நினைவுள்ளோர், பின்னூட்டத்தில் தெரிவித்தால் நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.